மாமியார் வீட்டுக்குக் கடலூரைக் காட்டியது

எங்கள் ஊரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் எனக்கு முதலில் காது சூடாகும். அடுத்த நொடி வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூளை மூன்றாவதாக, மூச்சு வாங்க வந்து சேரும். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளச் சொல்லி என்னைப் பெற்றவர்களும் கட்டியவரும் பல தடவை கேட்டுவிட்டார்கள். மாற்றிக்கொள்வதாக இல்லை. அதனால் எனக்கு நேர்ந்த பெரிய அவமானத்தை நானே சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் சொல்லி நீங்கள் கேட்டால் அதில் கை கால் முளைத்திருக்கும்.

கல்யாணமான மூன்றாவது வருடம். கோயம்புத்தூரில் என் கணவர் சரவணனின் உறவில் ஒரு வளைகாப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"நீ எந்த ஊரு அம்மிணி?"

"கடலூருங்க."

"கூடலூருங்களா? ஊட்டிக்கு அந்தப் பக்கம் டீத்தோட்டமெல்லாம் இருக்குமே?"

"கூடலூர் இல்லீங்க. கடலூர். கடல் இருக்குற ஊரு."

"ஓ! புயல் வந்தா டிவில ஒருத்தரு குடையப் புடிச்சிட்டு ஆடிட்டே பேசுவாரே, அந்த ஊருங்களா!"

பந்தலே சிரித்தது. சரவணனும் சிரித்தார் (அவரை அப்புறம் தனியாகக் கவனித்துக்கொண்டேன்). என் நாத்தனாரின் கணவர் வேலுச்சாமி அண்ணன், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். அவர் கேட்டார்: "புயலு இல்லாத நாள்ல அங்க பாக்கறதுக்கு என்னதான் இருக்குதுங்க?"

காது சூடாகிவிட்டது.

"என்னா இருக்கா? ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரன், இங்கிலீஷ்காரன் மூணு பேரும் அடிச்சிக்கிட்ட ஊருண்ணா அது. ஒண்ணும் இல்லாத ஊருக்கு எவனாச்சும் கப்பல் ஏறி வந்து அடிச்சிக்குவானா? எல்லாரும் கெளம்பி வாங்க. ஒரே நாள்ல நான் சுத்திக் காட்டுறேன்."

நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சரித்திரத்தில் நான் எடுத்த மதிப்பெண்ணை இங்கே சொல்வதற்கில்லை. ஆனால் வீம்பாகப் பேசியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சரவணன் கடலூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார். கோயம்புத்தூருக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி. மகன் பக்கத்தில் வந்துவிட வேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. இங்கேயே இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர், "அவங்க ஒரு தடவை வந்து ஊரைப் பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று நழுவினார். ஆகவே அது சுற்றுலா இல்லை. வழக்கு. ஊர் சார்பாக வாதாட நான் ஒருத்திதான்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பத்து பேர் வந்து இறங்கினார்கள். வேன் ஓட்ட அலாவுதீன் அண்ணன். பரங்கிப்பேட்டைக்காரர். பல வருடம் துபாயில் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். கிளம்பும்போதே மெதுவாகக் கேட்டார்: "என்னென்ன எடம்னு எழுதி வச்சிருக்கியாம்மா?"

"எல்லாம் மண்டையில இருக்குண்ணே."

"அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்று சாவியைத் திருகினார்.

முதலில் தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலம் கரையில் இருக்கும் பழைய கோட்டை. கோட்டை என்றதும் கோவைக்காரர்கள் அகழி, கொத்தளம், யானை நுழையும் வாசல் என்று ஏதோ நினைத்துவிட்டார்கள் போலும். முள்செடிகளுக்கு நடுவில் பாதிச் சுவர் ஒன்று நின்றது. அதன்மேல் ஒரு ஆடும் நின்றது.

"கோட்டை எங்கீங்க அம்மிணி?"

"இதாண்ணா."

"இது காம்பவுண்டு சுவருங்களே."

விடுவேனா. குண்டுக் கதையை எடுத்தேன். இது சத்தியமாக எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை. கோட்டையை இங்கிலீஷ்காரர்கள் விலைக்கு வாங்கியபோது, சுற்றியுள்ள நிலத்தை எப்படி அளப்பது என்று பேச்சு வந்ததாம். பீரங்கியை வெடிப்பது, குண்டு எட்டும் தூரம்வரை இருக்கும் கிராமமெல்லாம் கோட்டையோடு சேர்த்தி என்று முடிவானதாம். அந்தக் கிராமங்களைக் குண்டு கிராமம் என்றே சொல்வார்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் ஊர் இருக்கிறது, பஸ் போகிறது.

வேலுச்சாமி அண்ணன் முகம் மலர்ந்தது. வாழ்நாள் முழுக்கச் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவருக்கு இப்படி ஒரு அளவை முறை இருந்தது தெரியாமல் போயிருக்கிறது. "அடேங்கப்பா! சரி, அந்தக் குண்டு எங்க விழுந்துச்சுங்க?"

'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம். தமிழில் அது ஒரு சின்னச் சொல். என் வாயிலிருந்து வந்தது, "வாங்க, காட்டுறேன்."

வேன் உப்பலவாடிப் பக்கம் போயிற்று. நான் ஜன்னல் வழியாகக் குண்டு மாதிரி எதையாவது தேடிக்கொண்டே போனேன். ஊர்த் தெய்வம் கைவிடவில்லை. ஒரு வீட்டோரம் வேப்பமரத்தடியில் கறுப்பாக, உருண்டையாக ஒரு கல் கிடந்தது. "நிறுத்துங்கண்ணே!" அலாவுதீன் அண்ணன் கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். நிறுத்தினார்.

எல்லோரும் இறங்கிக் கல்லைச் சுற்றி நின்றார்கள். போட்டோ எடுத்தார்கள். என் மாமியார் பழைய பொருள் எதைக் கண்டாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர். போட்டுக்கொண்டு, பையிலிருந்து குங்குமம் எடுத்து அதற்கு ஒரு பொட்டும் வைத்துவிட்டார். வேலுச்சாமி அண்ணன் சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்துச் சுற்றளவு பார்த்தார்.

"அம்மிணி, மேல ஒரு ஓட்டை இருக்குதே?"

"அது... திரி வைக்கிறதுக்குண்ணா."

வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "யாருங்க நீங்கள்லாம்? எங்க ஊட்டுக் குழவிய எதுக்கு அளக்குறீங்க?"

"இது பீரங்கிக் குண்டுங்களாமே!" என்றார் மாமியார் பக்தியோடு.

"குண்டா? ஆட்டுக்கல்லு குழவிங்க அது! கிரைண்டர் வாங்குனதும் நான்தான் தூக்கிப் போட்டேன். வேணும்னா எடுத்துகினு போங்க. ஆட்டுக்கல்லும் பின்னாடி சும்மாதான் கெடக்குது."

கோயம்புத்தூர் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். இன்றும் என் வாதம் இதுதான்: குண்டு கிராமம் உண்மை, பீரங்கி உண்மை, கோட்டை உண்மை. இந்தக் கல்தான் குண்டு என்பது மட்டும்தான் பொய். இவ்வளவு பெரிய சரித்திரத்தில் ஒரே ஒரு பொய் ஜாஸ்தியா?

குழவியால் வந்த தாமதம் அடுத்த அடியாக விழுந்தது. எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. கோயில் நடை சாத்திவிட்டார்கள். இனி சாயங்காலம்தான்.

"ஊர்க்காரங்களுக்கே நடை சாத்தற நேரம் தெரியாதுங்களா?" என்றார் வேலுச்சாமி அண்ணன். அது பரவாயில்லை. என் மாமியார் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அர்ச்சனைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கல்யாணமானதுலருந்து நடராசரப் பாக்கோணும்னு நெனச்சிட்டிருந்தேன். செரி விடு கண்ணு. குடுத்து வச்சது அவ்வளவுதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எதையாவது செய்து அவர் முகத்தைத் திருப்ப வேண்டும் என்று ஒரு வேகம். "அத்தை, இந்த ஊரோட பழைய பேரே தில்லைதான். தில்லை மரம் காடா இருந்த எடம். இப்ப ஊருக்குள்ள அந்த மரத்தக் காணோம், பிச்சாவரத்துலதான் இருக்கு. சாமி எழுந்திரிக்கிறதுக்குள்ள மரத்தப் பாத்துட்டு வந்துடலாம். சாயங்காலம் சாமியப் பாத்துட்டுதான் ஊருக்குக் கெளம்புறோம். இது என் பொறுப்பு."

மாமியாரை வற்புறுத்தி நாலு வாய் சாப்பிட வைத்துவிட்டுப் பிச்சாவரம் போனோம். ஆறு ஆறு பேராக இரண்டு படகில் ஏறினோம். நான், சரவணன், மாமியார், வேலுச்சாமி அண்ணன், நாத்தனார், அவர் மகள் எல்லாம் ஒரு படகு. அகலமான உப்பங்கழியிலிருந்து படகு ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் புகுந்ததும் வெயில் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் விரல் விரலாகத் தண்ணீரில் இறங்கி நின்றன. தலைக்குமேல் கிளைகள் கூடி மூடியிருந்தன. ஒரு வெள்ளைக் கொக்கு எங்களைப் பொருட்படுத்தாமல் மீன் பார்த்துக்கொண்டிருந்தது. துடுப்புச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. காலையிலிருந்து வாயை மூடாத குடும்பம் வாயை மூடியது.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் வேலுச்சாமி அண்ணன், வாயைத் திறக்கப் பணம் கேட்கிறவர் மாதிரி.

அத்தோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அந்தா நிக்குது பாருங்க, அதான் தில்லை" என்று படகுக்காரர் கரையோரம் காட்டினார். நான் எழுந்தேன். அவர் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் தில்லை வனத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நான் யாரைக் கேட்பேன் என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். எட்டி ஒரு கிளையைப் பிடித்து, அத்தைக்குக் கிட்டத்தில் காட்டலாம் என்று நுனியை ஒடித்தேன். பால் மாதிரி வெள்ளையாக வடிந்தது.

"கீழ போடுங்கம்மா!" என்று படகுக்காரர் கத்தினார். "மரத்த ஒடிக்கவே கூடாது! அந்தப் பால் பட்டா கண்ணு அவிஞ்சிடும்னுதான் அப்பருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

பயந்து தூக்கிப் போட்டேன். பயத்தில் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. வேர்வையைத் துடைத்தேன். எந்தக் கையால் என்று கேட்காதீர்கள்.

முதலில் லேசான அரிப்பு. பிறகு யாரோ மிளகாய்ப் பொடியைக் கரைத்து இரண்டு கண்ணிலும் ஊற்றியதுபோல எரிந்தது. நான் போட்ட கூச்சலில் அந்தக் கொக்கு பறந்திருக்கும். நான் பார்க்கவில்லை. படகுக்காரர் "உப்புத் தண்ணி வேணாம், குடிக்கிற தண்ணிய ஊத்துங்க, ஊத்திக்கிட்டே இருங்க" என்று சொல்லிக்கொண்டே படகைத் திருப்பினார். படகிலிருந்த எல்லா பாட்டில்களும் என் முகத்தில் காலியாயின. கண்ணைத் திறக்க முடியவில்லை. பார்வை போய்விட்டால் என்ன செய்வது, பிள்ளைகளின் கணக்கு நோட்டை யார் திருத்துவார்கள் என்று என்னென்னவோ ஓடியது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நான் பேசாமல் இருந்தேன்.

"வாணி, பயப்படாத" என்றார் சரவணன். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அலாவுதீன் அண்ணன் வேனைச் சிதம்பரத்துக்குப் பறக்கவிட்டார். கண் டாக்டர் ஒரு அம்மாள். கழுவி, மருந்து விட்டு, "நல்லவேளை, உடனே கழுவியிருக்கீங்க. பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. நாளைக்குக் காலை வரைக்கும் கட்டப் பிரிக்காதீங்க" என்று இரண்டு கண்ணிலும் பஞ்சு வைத்துக் கட்டினார். கட்டிக்கொண்டே கேட்டார்: "எந்த ஊரும்மா?"

"கடலூருங்க."

"உள்ளூர்க்காரங்க யாராச்சும் தில்லைய ஒடிப்பாங்களா?"

இந்தக் கேள்வியை வேலுச்சாமி அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் எரிச்சலில் பெரிய எரிச்சல்.

வெளியே வந்ததும் எல்லோரும் ஒரே குரலில், "நேரா வீட்டுக்குப் போலாம்" என்றார்கள். நான் தரையில் காலை ஊன்றி நின்றுவிட்டேன். "கோயில் தெறந்திருக்கும். அத்தை சாமி பாக்காம நான் வேன்ல ஏறமாட்டேன்."

"உனக்குக் கண்ணு தெரியாது கண்ணு."

"சாமிக்குத் தெரியும்ல."

மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஊரைக் காட்ட வந்தவளுக்கு வெளியூர்க்காரர் காட்டிக்கொண்டு வந்தார். "இங்க படி. இது பெரிய மண்டபம். அய்யோ சாமி, கூரையெல்லாம் தங்கமாட்ட மின்னுதே, தங்கமா அது?" "தங்கந்தான் அத்தை." சந்நிதியில் மணி அடித்தது. பக்கத்தில் மாமியார் விசும்பும் சத்தம் கேட்டது. இத்தனை வருட ஆசை. நானும் கட்டுக்குள் அழுதேன், எரிந்தது. அப்புறம் சிதம்பர ரகசியத்துக்கு முன்னால் போய் நின்றோம். திரையை விலக்கினால் அங்கே இருப்பது வெறும் வெளி. அந்த இடத்தில் மட்டும் கண் இருக்கிறவர்களைவிட நான் எந்த விதத்திலும் குறைந்தவளாக இல்லை.

திரும்பும்போது இருட்டிவிட்டது. புது நாலுவழிச் சாலை அப்போது முடியவில்லை. பழைய சாலை ஒவ்வொரு ஊரின் வயிற்றுக்குள்ளும் புகுந்து வரும். வேனில் வேலுச்சாமி அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"கைடு இனிமே லீவுங்களா?"

எல்லோரும் அடக்கி வைத்திருந்த சிரிப்பு வெடித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கண்ணைத்தானே கட்டியிருந்தார்கள்.

"லீவெல்லாம் இல்லண்ணா. இப்ப தடக் தடக்னு சத்தம் வருதா? காத்து சில்லுனு அடிக்குதா? வெள்ளாத்துப் பாலம். வலது கைப்பக்கமா போனா ஆறு கடல்ல விழும். அங்கதான் பரங்கிப்பேட்டை. அலாவுதீன் அண்ணன் ஊரு. இரும்ப உருக்குன ஊரு, கப்பல் வந்து நின்ன துறைமுகம்."

வேலுச்சாமி அண்ணன் போனில் மேப்பைத் திறந்தார் என்று சரவணன் என் காதில் சொன்னார்.

"செரியாத்தான் இருக்குது. எங்கியோ ஒண்ணு குருட்டாம்போக்குல..."

"இப்ப வண்டி இடது பக்கமா வளையுது, நாலு வேகத்தடை தொடர்ந்து வரும், எண்ணிக்குங்க. புதுச்சத்திரம்." நாலு வந்தது. "இந்த இரைச்சல் கடல் இல்ல, சவுக்குத் தோப்பு. கடல் அதுக்கு அந்தாண்ட. சுனாமி வந்தப்போ இந்தக் கரையில எத்தன பேரு சவுக்கு மரத்தப் புடிச்சிக்கிட்டுப் பொழச்சாங்கன்னு அண்ணனக் கேளுங்க."

அலாவுதீன் அண்ணன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "எங்க அக்கா மவன் ஒருத்தன் அப்படித்தான் பொழச்சான்" என்றார்.

கொஞ்ச தூரத்தில் நாத்தனார் மகள், "சீ, என்ன வாடை இது!" என்றாள்.

"சிப்காட் வந்துடுச்சு, எல்லாம் கெமிக்கல் கம்பெனி" என்றேன். "ரெண்டு நிமிஷம் மூக்கப் பொத்திக்க கண்ணு. இந்த வாடைய நாங்க திட்டுவோம். மனு குடுப்போம், கூட்டம் போடுவோம். புயல் வந்தா கூரையப் பொறுக்கியாந்து திரும்பக் கட்டுவோம். அதுக்காக ஊர உட்டுட்டுப் போயிடுவோமா?"

இது அந்தப் பெண்ணுக்குச் சொன்னது இல்லை என்று வேனில் எல்லோருக்கும் தெரிந்தது. சரவணன் என் கையை இன்னும் இறுக்கினார். கருவாட்டு வாசனை வந்ததும் முதுநகர் என்றேன். பாலத்துச் சத்தம் கேட்டதும் உப்பனாறு என்றேன். அதற்குப் பிறகு வேலுச்சாமி அண்ணன் மேப்பை மூடிவிட்டு, "அடுத்தது என்னங்க?" என்று என்னையே கேட்க ஆரம்பித்தார்.

(அலாவுதீன் அண்ணன் எனக்குச் சாடை காட்டினார் என்று நாத்தனார் இன்றுவரை சாதிக்கிறார். கண்ணைக் கட்டியவளுக்குச் சாடை காட்டி என்ன பிரயோஜனம் என்று யோசிக்க வேண்டாமா?)

மறுநாள் காலையில் மாமியார்தான் கட்டைப் பிரித்தார். எல்லாம் மங்கலாக, சிவப்பாகத் தெரிந்தது. முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டார்.

"சரவணா, அந்த மாத்தல் தாளக் கிழிச்சுப் போடு. இவளக் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டு வந்தீன்னா, கடலூரு கடலூருன்னு நம்ம காத அறுத்துருவா. இங்கியே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

சொன்னபடி வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறார். வந்ததும் சிதம்பரம். நடை சாத்தும் நேரத்தை மூன்று நாள் முன்னாடியே போன் செய்து விசாரித்துக்கொண்டுதான் ரயில் ஏறுகிறார். என்னிடம் விசாரிப்பதில்லை.

கோயம்புத்தூர் வீட்டில் மட்டும் ஒன்று நிலைத்துவிட்டது. நாங்கள் போயிருக்கும்போது சாயங்காலத்தில் கரண்ட் போய்விட்டால் அங்கே யாரும் டார்ச்சைத் தேடுவதில்லை. "கடலூர்க்காரிய முன்னால உடுங்க, அவ கூட்டிட்டுப் போவா" என்று இருட்டுக்குள்ளிருந்து வேலுச்சாமி அண்ணன் குரல் வரும். சின்னக் குழந்தைகள் உட்பட அத்தனை பேரும் சிரிப்பார்கள். நானும் சளைக்காமல் எழுந்து, கையை நீட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறேன். இதுவரை இரண்டு தடவை நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டிருக்கிறேன். நிலையை அவ்வளவு தாழ்வாக வைத்துக் கட்டியது அவர்கள் தப்பு.